இரண்டு சர்வரை ஒன்றாக்கும்போது: போஸ்ட்கிரெஸ் ஹை அவைலபிலிட்டியைக் கழற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவை, கரூர், ஈரோடு வட்டாரத்தில் பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், டையிங் யூனிட் என்று பல இடங்களில் ஈஆர்பி என்ற கம்பெனி நிர்வாக மென்பொருளுக்குப் பின்னால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஓடுகிறது. யாரோ ஒரு வெண்டர் வந்து, ஒன்று செத்தால் மற்றது எடுத்துக்கொள்ளட்டும் என்று (ஹை அவைலபிலிட்டி என்பது இதுதான்) பட்ரோனி போட்டு, இரண்டு சர்வர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். சில வருஷம் கழித்து "இத்தனை எதுக்கு, ஒண்ணே போதும்" என்று முதலாளி சொல்வார். கழற்றுகிற பொறுப்பு ஐடி பார்க்கும் தம்பி தலையில் விழும். அப்படி விழுந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கீழே பேசுவதெல்லாம் இந்த அமைப்பைப் பற்றித்தான்: இரண்டு போஸ்ட்கிரெஸ் சர்வர், அவற்றை நடத்தும் பட்ரோனி, இப்போது யார் தலைவர் என்று குறித்து வைத்திருக்கும் இடிசிடி, எல்லாவற்றுக்கும் முன்னால், வருகிற இணைப்பைத் தலைவரான சர்வருக்குத் திருப்பும் ஹெச்ஏப்ராக்ஸி அல்லது மிதக்கும் ஐபியை அந்த சர்வரிடம் வைக்கும் கீப்அலைவ்டி.

ஏனுங்க, இந்த ஹை அவைலபிலிட்டி நெசமாவே என்னதான் பண்ணுது?

எழுதுவது எல்லாம் பிரைமரி சர்வரில் நடக்கிறது. அங்கே நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் வால் ஃபைல் என்ற பதிவேட்டில் முதலில் ஏறி, உடனுக்குடன் ஸ்டாண்ட்பை சர்வருக்கும் போகிறது. பிரைமரி செத்தால் பட்ரோனி ஸ்டாண்ட்பையைப் பிரைமரியாக உயர்த்திவிடும். இந்த முடிவை இரண்டு சர்வரும் தங்களுக்குள் எடுப்பதில்லை. தலைவர் பதவிக்கான சாவி இடிசிடியில் இருக்கிறது, அதைக் குறித்த நேரத்துக்குள் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்தான் தலைவர், அதாவது பிரைமரி.

அப்ப இதுதானுங்க பேக்கப்பு? எடுத்துட்டா பேக்கப் போயிருமா?

இது பேக்கப் இல்லை. ஒருவர் தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால், அந்த அழிப்பும் அடுத்த நொடியே ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். ஆகவே கழற்றுவதால் பேக்கப் போகாது. ஆனால் இதுவரை பேக்கப் என்று ஒன்று தனியாக இருந்ததா என்பதை இப்போதாவது பார்த்தாக வேண்டும். இதையே பேக்கப் என்று நம்பிக்கொண்டிருந்த கம்பெனிகள் நிறைய.

எங்களுக்கு இது வேணுமா வேண்டாமான்னு எப்படிங்க முடிவு பண்றது?

டேட்டாபேஸ் ஒரு மணி நேரம் நின்றால் என்ன நிற்கும் என்று முதலில் பாருங்கள். தூத்துக்குடிக்குப் போகவேண்டிய லாரி லோடு ஏற்றி நிற்கும்போது இ-வே பில் போட முடியாவிட்டால் வண்டி கிளம்பாது. மூன்று ஷிஃப்டும் ஓடி, ராத்திரியிலும் சரக்கு அனுப்புகிற மில் என்றால் நான் கழற்றச் சொல்லமாட்டேன். பகலில் மட்டும் பில் போடுகிற கம்பெனிக்கு ஒரு மணி நேரம் தாங்கும்.

அடுத்து, இரண்டு சர்வரும் உண்மையிலேயே தனித்தனியா? பல இடங்களில் இரண்டும் ஒரே ரேக், ஒரே யூபிஎஸ், ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச். யூபிஎஸ் பேட்டரி போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இடிசிடிக்கு மூன்று உறுப்பினர் வைத்து, அதில் குறைந்தது இரண்டு பேர் உயிரோடு இருந்தால்தான் முடிவெடுக்க முடியும். அந்த மூன்றாவதை அக்கவுண்ட்ஸ் செக்ஷன் கம்ப்யூட்டரில் போட்டுவைத்து, அவர்கள் சாயங்காலம் ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிற இடங்களும் உண்டு. இப்படி இருக்கும் அமைப்பு காப்பாற்றுவதைவிட நிறுத்துவதுதான் அதிகம். போட்டவரும் வேலையை விட்டுப் போய், அதைப் புரிந்துகொண்டவர் யாருமே கம்பெனியில் இல்லையென்றால், ஒரே சர்வரும் ஒழுங்கான பேக்கப்பும் மேல் என்பது என் கருத்து.

ரெண்டாவது மிஷினை ஆஃப் பண்ணிப்போட்டா வேலை முடிஞ்சுதுங்களே? இதுக்கு எதுக்கு இத்தனை ரோதனை?

ஸ்டாண்ட்பையை ஆஃப் செய்தது உங்களுக்குத் தெரியும், பிரைமரிக்குத் தெரியாது. அது தன் கூட்டாளி எப்போது வேண்டுமானாலும் திரும்பி வருவான் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு தொல்லை வரும்.

ஒன்று, ஸ்லாட். ஸ்டாண்ட்பை எதுவரை வாங்கிக்கொண்டது என்று பிரைமரி ரெப்ளிகேஷன் ஸ்லாட்டில் குறித்து வைத்திருக்கும். வாங்காத வால் ஃபைலை அழிக்காது. பட்ரோனி ஓடும்போது, காணாமல் போன உறுப்பினரின் ஸ்லாட்டைச் சிறிது நேரம் கழித்து அதுவே நீக்கிவிடும். பட்ரோனி பாஸில் இருந்தாலோ நின்றுவிட்டாலோ நீக்க ஆளில்லை. வராத விருந்தாளிக்கு ஒவ்வொரு வேளையும் சோறு எடுத்து மூடி வைப்பது மாதிரி, 16 எம்பி 16 எம்பியாகச் சேர்ந்துகொண்டே போகும். டிஸ்க் நிறைந்த அன்று போஸ்ட்கிரெஸ் தானே நின்றுவிடும். 2020-ல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு ஒரு உச்சவரம்பு வைக்க வழி இருக்கிறது. ஆனால் யாராவது அதை வைத்திருந்தால்தான் உண்டு, இயல்பாக வரம்பு கிடையாது. ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் என்ற அமைப்பும் போட்டிருந்தால் இன்னொரு சங்கடம்: பழைய வரிகளை அழிக்கவேண்டிய வேக்யூம் வேலையையும் அந்த ஸ்லாட் தடுத்து வைத்திருக்கும். டேபிள்கள் வீங்கி, எல்லாமே மெதுவாகும்.

இரண்டாவது, சிங்க்ரனஸ் முறை. ஸ்டாண்ட்பையும் எழுதி முடித்தேன் என்று சொன்ன பிறகுதான் பிரைமரி கமிட்டை (மாற்றத்தை நிரந்தரமாகப் பதிவதை) முடிக்கும் என்று அமைத்திருந்தால், ஸ்டாண்ட்பை போனதும் ஒவ்வொரு கமிட்டும் அப்படியே தொங்கும். படிக்கிற வேலை எல்லாம் ஓடும், பில் சேவ் மட்டும் ஆகாது. எரர் எதுவும் வராது, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி நின்றால், சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை பெயர்ப் பட்டியலைக் காலியாக்கி ரீலோடு செய்தால் போதும். ரீஸ்டார்ட் வேண்டியதில்லை, காத்திருந்த கமிட்டுகள் எல்லாம் உடனே விடுபடும். பட்ரோனி ஓடும்போது இந்தப் பட்டியலை அதுவே பார்த்துக்கொள்ளும், ஸ்டாண்ட்பை இல்லையென்றால் அதுவே காலியாக்கும் (ஸ்ட்ரிக்ட் முறை போடாதவரை). பட்ரோனியை நிறுத்திய பிறகு கடைசியாக எழுதியிருந்த பெயர் அப்படியே நின்றுவிடும். மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரிங்க, எந்த வரிசைல கழட்டோணும்?

முதலில் முழு பேக்கப் எடுத்து, அதை வேறு ஒரு மிஷினில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். ரீஸ்டோர் ஆகாத பேக்கப்பை வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள். அப்புறம், பட்ரோனியின் அமைப்பில் சிங்க்ரனஸ் முறையை அணைத்து, பெயர்ப் பட்டியல் உண்மையிலேயே காலியானதா என்று பிரைமரியில் பார்க்க வேண்டும். அடுத்து ஈஆர்பி நேராகப் பிரைமரிக்கே போகும்படி பாதையை மாற்றுங்கள். ஏன் இதை இவ்வளவு முன்னால் செய்கிறோம் என்பது கீழே வருகிறது.

இனி பட்ரோனியை பாஸ் (தற்காலிக இடைநிறுத்த) நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாஸில் இருக்கும்போது பட்ரோனியை நிறுத்தினாலும் அது போஸ்ட்கிரெஸைக் கூடவே நிறுத்தாது. பாஸ் போடாமல் பட்ரோனியைத் திடீரென்று கொன்றால், வாட்ச்டாக் என்ற காவல் ஏற்பாடு வைத்திருக்கும் சர்வர் தானே ரீபூட் ஆகிவிடும். சர்வீஸ் கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கில்மோட் என்ற வரியில் பிராசஸ் என்று இல்லையென்றால், நிறுத்தும்போது, சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி போஸ்ட்கிரெஸையும் சேர்த்தே கொன்றுவிடும்.

பிறகு ஸ்டாண்ட்பையில் பட்ரோனியை நிறுத்தி, அங்கே இருக்கும் போஸ்ட்கிரெஸையும் தனியாக நிறுத்துங்கள். பாஸ் போட்டிருப்பதால் அது தானாக நிற்காது. அடுத்து பிரைமரியில் பட்ரோனியை நிறுத்தி, போஸ்ட்கிரெஸை அதன் சொந்த சர்வீஸின் கீழ் ஒருமுறை நிறுத்திக் கிளப்ப வேண்டும். ஸ்லாட்டை அழிப்பது அதற்குப் பிறகுதான். ஸ்டாண்ட்பை இணைந்திருக்கும்போது அழிக்க விடாது, பிரைமரியில் பட்ரோனி உயிரோடு இருந்தால் அழித்த ஸ்லாட்டை அதுவே மறுபடி உருவாக்கவும் கூடும். இடிசிடி எல்லாவற்றுக்கும் கடைசி.

இடிசிடியைத்தானுங்க முதல்ல நிறுத்தினேன், டேட்டாபேஸ் ரீட் ஒன்லி ஆயிப்போச்சு. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

தலைவர் சாவியைப் புதுப்பிக்க முடியாத பட்ரோனி, "அந்தப் பக்கம் வேறு யாரோ தலைவராகியிருக்கலாம்" என்று எண்ணி, தன் பிரைமரியைத் தானே கீழே இறக்கிவிடும். இரண்டு தலைவர் உருவாகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, கோளாறு இல்லை. 2023-ல் வந்த பட்ரோனி 3.0-ல் ஃபெயில்சேஃப் என்று ஒரு வழி சேர்த்தார்கள். இடிசிடி போனாலும் மற்ற உறுப்பினர் எல்லாரையும் நேராகத் தொடர்புகொள்ள முடிந்தால் தலைவர் தொடரலாம். ஆனால் அதை நாமாகப் போட்டால்தான் இருக்கும். இப்போதைக்கு இடிசிடியை மறுபடி கிளப்புங்கள், பிரைமரி பழைய நிலைக்கு வந்துவிடும். பிறகு மேலே சொன்ன வரிசையில் ஆரம்பியுங்கள்.

டேட்டாபேஸ் நல்லா ஓடுதுங்க, ஆனா ஈஆர்பி கனெக்டே ஆகமாட்டேங்குது

ஹெச்ஏப்ராக்ஸி உங்கள் போஸ்ட்கிரெஸைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பெரும்பாலான அமைப்புகளில் அது 8008 போர்ட்டில் பட்ரோனியிடம்தான் "நீ பிரைமரியா?" என்று கேட்கும். பட்ரோனி நின்றால் பதில் வராது. பதில் வராத சர்வரைச் செத்ததாக எண்ணி, வருகிற எல்லாரையும் ஹெச்ஏப்ராக்ஸி திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் பாதையை முதலில் மாற்றச் சொன்னேன். ஹெச்ஏப்ராக்ஸியை வைத்துக்கொள்ளவே விருப்பம் என்றால், அந்தச் சோதனையை எடுத்துவிட்டு போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லா சிஸ்டத்துலயும் மிதக்கற ஐபிதாங்க குடுத்திருக்குது. ஃப்ளோர் முழுக்கப் போயி மாத்தோணுமா?

வேண்டியதில்லை. அந்த ஐபியைப் பிரைமரிக்கே நிரந்தர இரண்டாவது ஐபியாகக் கொடுத்துவிடுங்கள். ஒன்றே ஒன்றில் கவனம்: ஸ்டாண்ட்பையில் கீப்அலைவ்டி நின்றுவிட்டதா, பூட்டில் கிளம்பாதபடி முடக்கியாச்சா என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே ஐபிக்கு இரண்டு சொந்தக்காரர்கள்.

சில ஈஆர்பிகளில் கனெக்ஷன் அமைப்பிலேயே இரண்டு சர்வர் ஐபியும் எழுதியிருக்கும். பழைய ஐபியை அங்கிருந்து நீக்கிவிடுங்கள். பின்னாளில் அந்த ஐபியை யாராவது சிசிடிவி ரெக்கார்டருக்குக் கொடுப்பார்கள், ஈஆர்பி போய் கேமராவிடம் லாகின் கேட்டுக்கொண்டிருக்கும்.

கம்பெனி எவ்வளவு நேரம் நிக்கும்? எந்த நாள்ல வெச்சுக்கலாமுங்க?

போஸ்ட்கிரெஸை ஒருமுறை நிறுத்திக் கிளப்பும் நேரமும், கடைசியில் சர்வரை ரீபூட் செய்து பார்க்கும் நேரமும்தான் உண்மையான நிறுத்தம். நிறுத்துவதற்குச் சற்று முன்னால் ஒரு செக்பாயிண்ட் (மெமரியில் இருக்கும் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதும் வேலை) கொடுத்துவிட்டால் நிறுத்துவது சீக்கிரம் முடியும். மற்ற வேலையெல்லாம் ஓட ஓடவே செய்யலாம். இருந்தாலும் அரை நாள் ஒதுக்குங்கள்.

மாதத்தில் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. அதற்கு முந்தின இரண்டு மூன்று நாட்களில் அக்கவுண்ட்ஸ் பக்கமே போகாதீர்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் போடுகிற கம்பெனியில் அன்றும் வேண்டாம். தீபாவளி போனஸ் கணக்கு ஓடும் சமயமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. ராத்திரி வேண்டாம், ஏதாவது சிக்கினால் உதவிக்குக் கூப்பிட ஆள் முழித்திருக்கணும்.

கழட்டின மறுநாள் காலைல எல்லாரும் லாகின் பண்ணினதும் கனெக்ஷன் பத்தலைன்னு வருதுங்க. நேத்து வரைக்கும் பத்துச்சே?

மேக்ஸ் கனெக்ஷன்ஸ் மாதிரி சில முக்கிய அமைப்புகளைப் பட்ரோனி கோப்பில் எழுதுவதில்லை. போஸ்ட்கிரெஸைக் கிளப்பும்போது கட்டளை வரியிலேயே கொடுத்துவிடும். இரண்டு சர்வரிலும் ஒரே மதிப்பு இருக்கவேண்டும் என்பதற்காக அப்படி. பட்ரோனி போனதும் அந்த மதிப்புகளும் போய், போஸ்ட்கிரெஸ் தன் இயல்பான 100-க்கு வந்துவிடும். ஒர்க்கர் பிராசஸ் எண்ணிக்கை, எந்த முகவரியில் காது கொடுப்பது, போர்ட் எல்லாமே இந்த வகைதான்.

கழற்றும் முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் பிஜி செட்டிங்ஸ் பட்டியலில் சோர்ஸ் என்ற இடத்தில் "கமாண்ட் லைன்" என்று இருப்பவற்றை மட்டும் எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பட்ரோனியை நிறுத்திய பின், போஸ்ட்கிரெஸை மறுபடி கிளப்பும் முன், அவற்றைக் கோப்பில் எழுதுங்கள். பட்ரோனி ஓடும்போதே எழுதினால் அது தன் இஷ்டப்படி திருப்பி எழுதிவிடும்.

நல்லாத்தானுங்க ஓடுச்சு. மாசாந்திரப் பராமரிப்புன்னு கரண்ட் நிறுத்துனாங்க, திரும்பி வந்தப்ப டேட்டாபேஸ் மட்டும் எந்திரிக்கல

பட்ரோனி போடும்போது, போஸ்ட்கிரெஸின் சொந்த சர்வீஸ் பூட்டில் கிளம்பாதபடி முடக்கியிருப்பார்கள். கிளப்புகிற வேலை பட்ரோனியுடையது என்பதால். இப்போது பட்ரோனியும் இல்லை, சொந்த சர்வீஸும் முடக்கம், ஆக எழுப்ப ஆளில்லை. நம் ஊரில் துணை மின்நிலையப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு எடுத்தால் சாயங்காலம்தான் கரண்ட் வரும், யூபிஎஸ் அதுவரை தாங்காது. ஆகவே இது என்றோ ஒருநாள் வெளிப்பட்டே தீரும். சர்வீஸை இயக்கிவிட்டு, கழற்றிய அன்றே சர்வரை ஒருமுறை முழுசாக ரீபூட் செய்து, கையே வைக்காமல் ஈஆர்பி வருகிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் நெம்ப வேகமா நெறயுதுங்க. அந்த வால் ஃபைலை எல்லாம் அழிச்சுப்போடட்டுமா?

கையால் அழிக்கவே கூடாது. பிஜி வால் அடைவில் இருந்து ஒரு தேவையான கோப்பு போனாலும் அடுத்தமுறை டேட்டாபேஸ் கிளம்பாமல் போகலாம். முதலில் ஸ்லாட் பட்டியலைப் பாருங்கள், செயல்படாத ஸ்லாட் இருந்தால் அதை நீக்குங்கள். அடுத்தடுத்த செக்பாயிண்டில் போஸ்ட்கிரெஸே இடத்தைக் காலி செய்யும். ஸ்லாட் எதுவும் இல்லை, ஆனாலும் நிறைகிறது என்றால் ஆர்க்கைவ் கட்டளையைச் சந்தேகப்படுங்கள். வால் ஃபைலை ஸ்டாண்ட்பை மிஷினில் இருந்த ஒரு ஃபோல்டருக்கு நகலெடுக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த மிஷின் இப்போது இல்லை. நகல் போகாதவரை பிரைமரி எதையும் அழிக்காது.

ஸ்டாண்ட்பைல வேற ஏதாச்சும் ஓடுச்சான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, ஸ்டாண்ட்பையில் யார் யார் இணைகிறார்கள் என்று லாக்கில் பதியச் சொல்லிப் பாருங்கள். முதலாளியின் சாயங்கால உற்பத்தி ரிப்போர்ட் பெரும்பாலும் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும். அது இனிப் பிரைமரி மேல் ஏறும், பில் போடுகிற நேரத்தில் ஓடாதபடி நேரத்தை மாற்றிவையுங்கள். இன்னொன்றுதான் ஆபத்து: ராத்திரி பேக்கப்பும் பாரம் குறையட்டும் என்று ஸ்டாண்ட்பையிலிருந்தே எடுத்திருப்பார்கள். ஸ்டாண்ட்பையை நிறுத்திய அன்றே பேக்கப்பும் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

இனி ஒரே மிஷின்தானுங்களே, வால் லெவலை மினிமலா வெச்சா வேகம் கூடும்ங்கறாங்க?

வேண்டாம். வால் லெவல் என்பது வால் ஃபைலில் எவ்வளவு விவரம் எழுதுவது என்ற அமைப்பு. மினிமல் வைத்தால் ஓடுகிற சர்வரிலிருந்து பேஸ் பேக்கப் (முழு டேட்டாவின் நகல்) எடுக்க முடியாது, குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பிப் போகும் வசதியும் போய்விடும். கிடைக்கிற வேகம் பெரிய டேட்டா லோடு போடும்போது மட்டும்தான் தெரியும். ரெப்ளிகா என்றே இருக்கட்டும். நாளைக்கு மறுபடி ஸ்டாண்ட்பை வேண்டுமென்றாலும் வழி திறந்திருக்கும்.

எங்ககிட்ட பட்ரோனி எல்லாம் இல்லைங்க, வெறும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன்தான்

நல்லதாகப் போயிற்று. இடிசிடி, 8008, கட்டளை வரி அமைப்பு எதுவும் உங்களுக்கு இல்லை. சிங்க்ரனஸ் பட்டியலைக் காலியாக்குவது, ஸ்டாண்ட்பையை நிறுத்துவது, ஸ்லாட்டை நீக்குவது, ஆர்க்கைவ் எங்கே போகிறது என்று பார்ப்பது, இவ்வளவுதான்.

கழட்டறப்ப எங்கியோ தப்பாகி, இப்ப ரெண்டு மிஷினுமே நாந்தான் பிரைமரிங்குது. ரெண்டுலயும் பில்லு போட்டிருக்காங்க. ஒண்ணா சேக்க முடியுங்களா?

தானாகச் சேர்க்க வழியில்லை. ஸ்டாண்ட்பை பிரைமரியாக உயர்ந்த நொடியிலிருந்து அது வேறு டைம்லைனில், அதாவது தனி வரலாற்றில் போகிறது. முதலில் இரண்டிலும் எழுதுவதை நிறுத்துங்கள். இரண்டின் டேட்டா அடைவையும் அப்படியே நகலெடுத்து வையுங்கள். பிறகு எதில் அதிக வேலை நடந்திருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, மற்றதில் பிரிந்த நேரத்துக்குப் பின் பதிவானதை மட்டும் டேபிள் டேபிளாக எடுத்து, ஆள் வைத்துச் சரிபார்த்து ஏற்ற வேண்டும். சில கருவிகள் பழைய பிரைமரியைப் பின்னோக்கி இழுத்துப் புதியதோடு பொருத்தும். ஆனால் அவை ஒரு பக்கத்து வேலையை அழித்துத்தான் அதைச் செய்யும், இரண்டையும் சேர்ப்பதில்லை.

பில் எண்தான் பெரிய தலைவலி. இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வெவ்வேறு பார்ட்டிக்கு பில் போயிருக்கும். இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ஒரே ஜிஎஸ்டி எண், ஒரே நிதியாண்டு, ஒரே பில் எண் இரண்டாம்முறை வந்தால் ஏற்காது. ஆகவே எந்த பில்லுக்கு ஐஆர்என் (அந்த போர்ட்டல் தரும் பதிவு எண்) கிடைத்திருக்கிறதோ அது அந்த எண்ணோடு நிற்கட்டும். கிடைக்காததற்குப் புது எண் போட்டு, பார்ட்டியிடம் பழைய பிரதியைத் திரும்ப வாங்குங்கள். வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸில், அடுத்த பில் எண்ணைத் தரும் சீக்வென்ஸை இரண்டு பக்கத்திலும் போன அதிகபட்ச எண்ணுக்கு மேலே நகர்த்திய பிறகே யாரையும் லாகின் செய்ய விடுங்கள். ஆடிட்டரிடம் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது.

பழைய ஸ்டாண்ட்பை மிஷினை என்னங்க பண்றது? கடைக்குப் போட்டுறலாமா?

கொஞ்ச நாள் கேபிளைப் பிடுங்கி அப்படியே வையுங்கள். ஒயரோடு விட்டால் யாராவது ஆன் செய்வார்கள், பட்ரோனியும் கீப்அலைவ்டியும் பழைய பழக்கத்தில் எழுந்துகொள்ளும். புது ஏற்பாடு ஒரு மாதக் கணக்கு முடிப்பைத் தாண்டிவிட்டால், பழையதன் டிஸ்க்கை முழுசாக அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்து, பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்க்கும் மிஷினாக வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்ல உபயோகம் அதற்கு இல்லை.

விற்பதுதான் முடிவு என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடுங்கள். அதற்குள் பையர் ரேட், தொழிலாளர் சம்பளம், ஆதார் எண், பேங்க் கணக்கு எல்லாம் இருக்கிறது.